ஓவியமும் வாய்மையும்

வாயுள்ள மனிதன் பொய் சொல்லக்கூடும் என்பதனை நாம் அனைவரும் அறிவோம். வாயில்லாத ஓவியம் பொய் சொல்லுமா? சொல்லுமெனில், அப்பொய்யின் குற்றம் யாரைச் சாரும்? வரைந்தவரையா, வரையச் சொன்னவரையா, அருகில் நின்று "நன்று" எனத் தலையசைத்தவரையா? இவ்வினாக்கள் ஏடுகளைப் புரட்டுங்கால் எழுந்தவை அல்ல. நம் தெருவில் உள்ள ஓர் இல்லத்தின் கூடத்தில், எண்ணெய் வண்ணத்தின் மணத்தினிடையே எழுந்தவை. தலையசைத்தவருள் நாமும் ஒருவர். ஆதலின் நடந்ததை மறைக்காது வாசக அன்பர்களிடம் கூறி, அதனால் நாம் தெளிந்ததையும் கூற விழைகின்றோம்.

கூடத்தில் நிகழ்ந்தது

நாம் வாழும் விருத்தாசலம் முதுமையையே பெயராகக் கொண்ட ஊர். முதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த இவ்வூரை வெளியூரார் பலரும் பீங்கானைக் கொண்டே அறிவர். பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைப் பயிற்றும் அரசு நிறுவனமும் இங்கு அமைந்தன. பொம்மையும், ஊறுகாய்ச் சாடியும், மின்சார ஃபியூஸ் கட்டையும் இங்குள்ள சூளைகளில் வெந்து பல ஊர்களுக்கும் சென்றன.

அத்தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த பெரியவர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் நம் தெருவில் வாழ்கின்றனர். அவர்தம் மக்கள் மூவரும் நம்மிடம் பயின்றவர்கள். அவ்விருவருக்கும் திருமணம் நிகழ்ந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றபோது, மக்கள் கூடிப் பேசி, பெற்றோர் இருவரையும் ஒருசேர எண்ணெய் வண்ணத்தில் ஓவியமாக எழுதுவிக்க முடிவு செய்தனர். புகைப்படம் போதாதா என்று நாம் கேட்டோம். "கைப்பேசியில் ஆயிரம் படம் கிடக்கிறது டீச்சர். ஒன்றையும் நின்று பார்ப்பதில்லை" என்றார் மூத்த மகன். அவ்விடையில் நியாயம் இருந்தது.

கவின்கலைக் கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். மூன்றடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள சட்டத்தில் கித்தான் இழுத்துக் கட்டப்பெற்றது. பெரியவர் கரைபோட்ட பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் அணிந்து நாற்காலியில் அமர்ந்தார். அம்மையார் தம் மணநாளில் உடுத்த கூறைப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டு அருகில் அமர்ந்தார். மயிலாடுதுறையைச் சார்ந்த கூறைநாட்டுத் தறியில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கட்டம் போட்ட புடவை அது.

தூரிகைகளைக் கண்டதும் நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. எண்ணெய் வண்ணத்திற்குரிய முரட்டுத் தூரிகைகள் பெரும்பாலும் பன்றி மயிரால் ஆனவை. மென்தூரிகைகளோ குளிர்நாட்டுச் சிறு விலங்குகளின் வால்மயிரால் ஆனவை. கறுப்பு வண்ணத்துள் ஒருவகை விலங்கின் எலும்பைக் கரித்துப் பெறப்படுவது. முற்காலத்தில் யானைத் தந்தத்தைக் கரித்தும் அதனைச் செய்தனர். செபியா எனும் பழுப்பு கணவாயின் மையிலிருந்து வந்தது. கார்மைன் எனும் செந்நிறம் கள்ளிச்செடியில் வாழும் சிறு பூச்சிகளை உலர்த்தி அரைத்துப் பெற்றது. கித்தானுக்குப் பூசும் பசையையும் முயல்தோலைக் காய்ச்சி எடுத்ததுண்டு. இவை அனைத்தையும் ஒவ்வொன்றாக அவ்விளைஞரிடம் விசாரித்தோம். அவர் சற்றும் முகஞ்சுளியாது, தம் தூரிகைகள் நைலான் இழையால் ஆனவை என்றும், கறுப்பு இரும்பு ஆக்சைடிலிருந்து பெற்றது என்றும், வண்ணத்தைக் குழைக்கும் எண்ணெய் ஆளிவிதையினது என்றும் விளக்கினார். உயிர்க்கொலையின்றி ஓவியம் எழுதப்படுகின்றது என்று நாம் மனநிறைவு கொண்டோம். இத்துணை நுணுக்கமாக விசாரித்த நாம், மறுநாளே ஒரு பெரும்பிழைக்கு உடன்படப் போகின்றோம் என்பதனை அறிந்திலோம்.

மறுநாள் கரிக்கோட்டால் உருவங்கள் அமைந்துவிட்டன. அம்மையாரின் கழுத்தில் தாலிச்சரடு ஒன்றே இருந்தது. காதில் கடுகளவு தோடு. மூத்த மகன் ஓவியரை அணுகி, "அம்மாவுக்கு நகை என்றாலே பிடிக்காது தம்பி. எத்தனை முறை வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். படத்திலாவது போட்டுவிடுங்கள். காசுமாலை, அட்டிகை, ஏழுகல் தோடு" என்றார். பெரியவர் உடனே, "ஆமாம் தம்பி, கட்டாயம் போட வேண்டும்" என்றார். அவர் குரலில் ஒரு விரைவு இருந்தது. அம்மையார் தலைகுனிந்திருந்தார்; ஒன்றும் பேசவில்லை. ஓவியர் என்ன நினைத்தாரோ, நம் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நாம் வகுப்பறையில் விடை கூறுவது போலவே கூறினோம்: "அணி சேர்ப்பது ஓவியரின் உரிமை. இயக்கியர் சிலைகளில் நம் முன்னோர் அணிகளைச் செதுக்கவில்லையா? இதில் குற்றமென்ன?" அனைவரும் மகிழ்ந்தனர். பேச்சு அத்துடன் முடிந்தது.

அம்மையார் கூறியது

அன்று மாலை அம்மையார் தனியே நம் இல்லத்திற்கு வந்தார். நெடுநேரம் பேசாது அமர்ந்திருந்துவிட்டுப் பின் கூறிய செய்தியைச் சுருக்கமாகத் தருகின்றோம்.

மக்கள் சிறுவராயிருந்த காலத்தில் பெரியவர் சொந்தமாக ஒரு சூளை வைக்க விரும்பினார். முதல் வேண்டும். அம்மையார் தம் பிறந்தகத்தார் அளித்த நகைகள் அனைத்தையும் எடுத்துக் கொடுத்தார். காசுமாலை, அட்டிகை, ஏழுகல் தோடு ஆகிய மூன்றும் அவற்றுள் இருந்தன. சூளை எழுந்தது. முதற் பெரிய சுமை உள்ளே வெந்துகொண்டிருந்தபோது, சரக்கு கேட்டவர் விரைவுபடுத்தினார். வெந்த சூளை மெல்ல ஆற வேண்டும். வாயிலைக் காலத்திற்கு முன் திறந்தால் குளிர்காற்றுப் புகுந்து சரக்கு வெடிக்கும். இதனைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவரே அன்று பொறுமையிழந்து ஒரு நாள் முன்னதாகத் திறந்துவிட்டார். சாடிகள் அனைத்தும் மயிரிழை மயிரிழையாக விரிசல் கண்டன. கடன் மிஞ்சியது. அவர் மீண்டும் பிறர் சூளையில் கூலிக்குச் சென்றார். அக்கூலியில்தான் மக்கள் மூவரும் படித்தனர்.

"எனக்கு நகை பிடிக்காது என்று பிள்ளைகளிடம் சொன்னது நான்தான் டீச்சரம்மா. அவர் தலைகுனியக் கூடாது என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது பிடிக்காமல் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் கொடுத்தது கொடுத்ததுதானே? படத்தில் அதையெல்லாம் மறுபடியும் என் கழுத்தில் போட்டுவிட்டால், நான் கொடுக்கவே இல்லை என்று ஆகிவிடாதா?"

நாற்பது ஆண்டுகள் அறம் கற்பித்தோம் என்று இறுமாந்திருந்த நமக்கு, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அவ்வம்மையார் கேட்ட வினாவிற்கு விடை கூற இயலவில்லை. தூரிகையின் மயிரை ஆராய்ந்த நாம், அத்தூரிகை கூறப்போகும் செய்தியை ஆராயாது விட்டோம்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

ஒரு செயலோடு மனிதன் மூன்று வகையில் தொடர்பு கொள்கின்றான் என்று நம் நூலோர் வகுத்துள்ளனர். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாரின் வாய்மை நோன்பைப் பேசுமிடத்து, பெரும்பொய்யைத் தான் சொல்லாமையோடு பிறரைச் சொல்லச் செய்யாமையையும் சேர்த்தே கூறுகின்றது. அந்தக் கூடத்தில் இம்மூன்றும் ஒருங்கே இருந்தன. ஓவியர் செய்பவர், மகனும் தந்தையும் செய்விப்பவர், உடன்பட்டவர் நாம். ஓவியரும் மகனும் அறியாது செய்தனர். பெரியவர் அறிந்தும் நெஞ்சின் வேதனையால் செய்தார். நமக்கோ வேதனையும் இல்லை. கேட்டறியும் பொறுமையும் இல்லை. மூவருள் எளிதாகச் செய்யப்படுவதும், எளிதாக மறக்கப்படுவதும் உடன்படுதலே.

ஆயினும் இங்கே ஒரு தடை எழுப்பலாம். ஓவியம் சாட்சிக் கூண்டில் நின்று கூறும் மொழியா என்ன? அது ஒரு கலை. மன்னர்க்கும் செல்வர்க்கும் இல்லாத பொலிவை ஓவியர் சேர்த்தே வந்துள்ளனர். திருவிதாங்கூர் அரண்மனைக்கு 1868இல் வந்த தியோடர் ஜென்சன் எனும் ஐரோப்பியர் தீட்டுவதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை உணர்ந்த இரவிவர்மா (1848–1906), பட்டும் நகையும் மின்னும் பெண்ணுருவங்களைத் தீட்டினார். அவ்வழகு அச்சுப் படங்கள் வழியாகவும் நாள்காட்டிகள் வழியாகவும் வீடுதோறும் பரவியது. பாரம்பரிய உடை என்றால் பட்டும் பொன்னும் சேர்ந்ததே என்ற எண்ணம் நம் கண்களில் படிந்துள்ளது. அவ்வண்ணமே தம் தாயைக் காண மகன் விரும்பியதில் அன்பு உண்டேயன்றி வஞ்சம் இல்லை. அவ்வாறிருக்க, அது எங்ஙனம் பொய்யாகும்?

இதற்கு விடை காணும் முன், வேறு சில இணையோவியங்களைக் காண்போம்.

சாட்சியாக நிற்கும் ஓவியங்கள்

நம்மவர் பலரும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குச் சென்று வந்திருப்பர். அங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகத்தைக் கண்டு வியந்து, அண்ணாந்தபடியே திரும்பிவிடுவோர் பலர். மண்டபத் தூணொன்றில் ஓர் அரசனும் அரசியும் தீட்டப்பெற்றுள்ளனர். அது எண்ணெய் ஓவியமன்று. சுண்ணச்சாந்துப் பூச்சின் மேல் எழுதியது. ஆயினும் தமிழகத்தில் எஞ்சியுள்ள பழைய இணையோவியங்களுள் அது தலையாயது. அவ்வரசன் யார் என்பதில் ஆய்வாளர் ஒருமுடிவுக்கு வரவில்லை. பல்லவன் மகேந்திரவர்மன் என்று முன்பு கருதினர். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் என்று பின்னர்க் கருதினர். மகுடமும் குழையும் அணிந்த மன்னனின் பெயர் இவ்வாறு ஐயத்திற்கு இடமாயிற்று. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் அக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமரின் பெயரைக் கல்வெட்டு ஐயத்திற்கிடமின்றிக் கூறுகின்றது. அணிந்தது மறைந்தது; செய்தது நின்றது. நமக்கு அத்தூண் கற்பித்த பாடம் இது.

மேலைநாட்டில் எண்ணெய் வண்ணத்தில் எழுந்த புகழ்பெற்ற இணையோவியம் ஒன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. யான் வான் ஐக் என்பார் 1434இல் தீட்டியது. அக்கால உடையில் ஒரு கணவனும் மனைவியும் ஓர் அறையில் நிற்கின்றனர். பின்சுவரில் ஒரு குவியாடி. அதனுள் வாயிலில் நிற்கும் வேறு இருவரின் உருவம் சிறிதாகத் தெரிகின்றது. ஆடிக்கு மேலே, தாம் இங்கே இருந்ததாக ஆண்டோடு தம் பெயரை ஓவியர் எழுதி வைத்துள்ளார். வரைந்தேன் என்று மட்டும் கூறாது, இருந்தேன் என்று கூறியது நோக்கத்தக்கது. ஓவியர் தம்மை ஒரு சாட்சியாகவே வைத்துக்கொண்டார் என்று நாம் கருதுகின்றோம்.

இதற்கு மாறாக, ஒவ்வொரு கோடும் உண்மையாக இருந்தும் முழுமையில் மயக்கம் தரும் ஓவியமும் உண்டு. அமெரிக்கராகிய கிராண்ட் உட் 1930இல் தீட்டிய உழவர் குடும்பத்து ஓவியத்தைப் பார்ப்போர் பலரும் அவ்விருவரையும் கணவன் மனைவி என்றே கொள்வர். ஓவியர் எண்ணியதோ தந்தையும் மகளும். அவருக்கு முன் அமர்ந்தவர்களோ அவர்தம் தங்கையும், ஒரு பல் மருத்துவரும். இருவரும் சேர்ந்து அமர்ந்தது கூட இல்லை. அதனைப் பொய் என்று நாம் கூறமாட்டோம். அவர் யாருடைய வாழ்வையும் மாற்றிச் சொல்லவில்லை. ஒரு கற்பனைக் குடும்பத்தையே எழுதினார். அதில் யாருக்கும் எதுவும் பறிபோகவில்லை.

அணியின்றியும் பொலிவு உண்டு என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உளது. கும்பகோணம் பகுதியிற் பிறந்து 2021ஆம் ஆண்டில் கொரோனாவால் இளமையிலேயே மறைந்த ஓவியர் இளையராஜா, வீட்டு வேலையில் ஈடுபட்டிருக்கும் எளிய பெண்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். கதவு வழியே வரும் வெயிலும், அன்றாடம் உடுத்தும் சேலையின் மடிப்புமே அவர் ஓவியங்களின் செல்வம்.

இவற்றால் நாம் தெளிந்தது இது: அணி சேர்ப்பது தன்னளவில் பொய்யன்று. யட்சியின் சிலையில் செதுக்கிய அணி யாருடைய வரலாற்றையும் மறைப்பதில்லை. ஆனால் இவ்வம்மையாரின் வெறுங்கழுத்து ஒரு குறையன்று. அது ஒரு செயலின் அடையாளம். அதன்மேல் பொன்னைத் தீட்டுவது அவருக்கு எதையும் கொடுப்பதாகாது. அவர் கொடுத்ததை அழிப்பதாகும். எந்தச் சேர்க்கை ஒருவரது நற்செயலை இல்லாமற் செய்கின்றதோ, அச்சேர்க்கையே பொய்.

சூளையும் எண்ணெயும்

நாம் செய்த பிழையைத் திருத்தக் காலம் இருந்தது நல்வினைப் பயனே. அதற்குக் காரணம் எண்ணெய் வண்ணத்தின் இயல்பு.

பீங்கானில் தீட்டுவோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. கோபால்ட் ஆக்சைடு தீட்டும்போது கறுப்பாகவே தோன்றும்; ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசு வெப்பத்தில் வெந்து வெளிவந்த பின்னரே ஆழ்ந்த நீலமாகும். கை தவறினால் தவறியதே. தீ அதனை நிலைநிறுத்திவிடும். எண்ணெய் வண்ணமோ நீர் உலர்வது போல ஆவியாகி உலர்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியைக் கவர்ந்து மெல்ல மெல்ல இறுகுகின்றது. மெல்லிய பூச்சு தொடுமளவிற்கு உலரச் சில நாள்கள் ஆகும். தடித்த பூச்சு உள்ளூர இறுகப் பல மாதங்கள் ஆகும். அடியில் எண்ணெய் குறைந்த பூச்சும், மேலே எண்ணெய் மிகுந்த பூச்சும் இடவேண்டும் என்பது ஓவியரின் விதி. மாறிச் செய்தால் மேற்பூச்சு வெடிக்கும். ஆகவே ஓவியர் காத்திருந்தே ஆக வேண்டும். அக்காத்திருப்பில் கையும் மனமும் திருந்தலாம்.

மற்றொன்றும் அவ்விளைஞர் கூறினார். ஓவியர் தாம் முதலில் வரைந்ததை மறைத்து மேலே வேறொன்றைத் தீட்டுவதுண்டு. ஆண்டுகள் பல செல்லச் செல்ல வண்ணப் பூச்சில் ஒளி ஊடுருவும் தன்மை மிகுகின்றது. அப்போது மறைத்த பழைய கோடு மேற்பூச்சினூடே மெல்லத் தெரியத் தொடங்கும். இதனை இத்தாலியர் பெந்திமெந்தோ என்பர். மனம் வருந்துதல் என்பது அச்சொல்லின் பொருளாம். "இந்தக் கழுத்தின் மேல் காசுமாலை போட்டால், உங்கள் கொள்ளுப்பேரர் காலத்தில் வெறுங்கழுத்து கீழே இருந்து தெரிந்தாலும் தெரியும் பாட்டி" என்று அவர் அம்மையாரிடம் விளையாட்டாகக் கூறினார். அம்மையார் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

பெரியவரின் வழக்கு

அவர் தரப்பையும் கூறாவிடில் நாம் ஒருபக்கமே பேசியவர் ஆவோம். நாம் தனியே சென்று அவரைக் கண்டு, அம்மையார் கூறியதனைச் சொல்லி, நாம் உடன்பட்டது தவறு என்றும் கூறினோம். அவர் நெடுநேரம் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, நான் கண்ணை மூடிய பிறகும் அந்தப் படம் சுவரில் இருக்கும். வெறுங்கழுத்தோடு அவள் உட்கார்ந்திருந்தால், பார்ப்பவர்கள் அவளையா குறை சொல்வார்கள்? பக்கத்தில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருக்கிற என்னைத்தான் சொல்வார்கள். வாங்கித் தர முடியவில்லை. வரைந்தாவது கொடுக்கக் கூடாதா?"

கல்லும் கரையும் சொல் அது. பிறர்க்குத் தீங்கு விளைக்கும் எனின் உண்மையையும் கூறலாகாது என்று, முற்கூறிய அந்நூலே இல்லறத்தாருக்கு எல்லை வகுத்துள்ளது. அவ்வாறாயின், ஒரு முதியவரின் நெஞ்சைப் புண்படுத்தும் வெறுங்கழுத்தை எழுதுவதும் குற்றமாகாதா? இவ்வினாவோடு நாம் இரவெல்லாம் விழித்திருந்தோம்.

நாம் கண்ட விடை இது. அவருக்குத் தீங்கு விளைத்தது கழுத்தின் வெறுமை அன்று. அவ்வெறுமையின் காரணம் சொல்லப்படாமையே. காரணம் தெரியாதவரைதான் அது வறுமையாகத் தோன்றும்; தெரிந்தால் ஈகையாகத் தோன்றும். அன்றியும், அவர் தீர்க்க விரும்பியது ஒரு கடன். கடனைக் கடன்பட்டவரே தீர்க்க வேண்டும்; ஓவியரின் தூரிகை தீர்க்க இயலாது. பொன்னாகத் திருப்பித் தர இயலாதவர் வேறு எதனால் தருவது? சொல்லால் தரலாம். மறுநாள் அவரிடம், "நகை இல்லாததற்குக் காரணத்தைச் சொல்ல வேண்டியது படம் இல்லை ஐயா. நீங்கள்தான்" என்றோம். அவர் விடையளிக்கவில்லை. எழுந்து உள்ளே சென்றுவிட்டார். நம்மீது சினமும் கொண்டிருந்தார். ஒரு வாரம் நம் இல்லத்தின் பக்கம் பார்வையையும் திருப்பவில்லை. அறிவுரை கூறுபவர் எளிதாகக் கூறிவிடுகின்றார். அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர் என்பதனை அவ்வாரத்தில் நாம் நன்கு உணர்ந்தோம்.

அவ்வாரம் முழுவதும் ஓவியத்தின் அடிப்பூச்சு உலர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிறன்று அவர் மக்கள் மூவரையும் அழைத்து உட்காரவைத்தார். நாம் அங்கில்லை; பின்னர் மகள் வந்து கூறியதைக் கொண்டே எழுதுகின்றோம். நகைகளின் கதையையும், சூளையைத் தாமே காலத்திற்கு முன் திறந்ததையும் அவர் கூறினார். பழியைச் சரக்குக் கேட்டவர்மேல் இடவில்லை. மூத்த மகன் ஒன்றும் பேசாது எழுந்து சென்று கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டார். மகள் தாயின் அருகே சென்று அவர் காதைத் தொட்டுப் பார்த்தாராம். கனத்த தோட்டால் நீண்டு தொய்ந்திருந்த காதின் துளையை அத்தனை ஆண்டுகளும் பார்த்திருந்தும், அது எதனால் நீண்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை என்று நம்மிடம் கூறி அழுதார்.

ஓவியர் கண்ட வழி

அதன்பின் ஓவியம் விரைந்து வளர்ந்தது. நகை வேண்டும் என்று யாரும் கூறவில்லை. ஆனால் புடவையின் நிறத்தில் மற்றொரு சிக்கல் எழுந்தது. ஐம்பது ஆண்டுகளில் அதன் அரக்குச் சிவப்பு மங்கிப் பழுப்பேறிவிட்டது. மணநாளின் நிறத்தில் எழுத வேண்டும் என்றார் மகள். இன்றைய முகத்தோடு அன்றைய புடவை பொருந்தாது என்றார் இளையமகன். எது உண்மை? அன்றைய சிவப்பும் உண்மை. இன்றைய பழுப்பும் உண்மை. ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றதைப் பொய்யென்பது நம் நெறிக்கும் ஒவ்வாது.

ஓவியர் புடவையை வாங்கி ஓரமெங்கும் தடவிப் பார்த்தார். முந்தானையின் ஓரம் மடித்துத் தைத்திருந்தது. அங்கே தையல் சிறிது பிரிந்திருந்தது. வெயிலும் வெளிச்சமும் படாத அம்மடிப்பின் உள்ளே பழைய அரக்குச் சிவப்பு விரலகலம் அப்படியே இருந்தது. ஓவியத்தில் புடவை முழுவதும் இன்றைய நிறத்தில் உள்ளது. மடியில் கிடக்கும் முந்தானையின் ஓரத்தில், தையல் பிரிந்த இடத்தில், விரலகலம் மட்டும் சிவப்பு. அவர் எதனையும் புதிதாகச் சேர்க்கவில்லை. இருந்ததைத் தேடிக் கண்டார். காதையும் அவ்வாறே எழுதினார். கடுகளவு தோடும், அதனைத் தாங்கும் நீண்ட துளையும் உள்ளபடியே இருக்கின்றன. பெரியவரின் கைவிரல்களில் சூளைத் தீயால் ஏற்பட்ட வடுக்களும் மறைக்கப்படவில்லை. அவற்றை எழுதுமாறு கூறியவர் அம்மையார்.

உண்மையைக் கூறவேண்டும், அதனைத் தீங்கின்றியும் கூறவேண்டும் என்ற இரண்டிற்கும் இடையே மனிதர் அல்லலுறும்போது, பொய்யை நாடுவதற்கு முன் இவ்வோவியர் செய்தது போல் செய்து பார்க்கலாம். உண்மைப் பொருளையே இன்னும் அருகில் சென்று பார்க்கலாம். பெரும்பாலும் அதன் மடிப்பினுள்ளேயே ஆறுதலும் இருக்கக் காண்போம்.

முடிவுரை

ஓவியம் இப்போது அவர்கள் கூடத்துச் சுவரில் இருக்கின்றது. பெரியவர் நம்மோடு மீண்டும் பேசுகின்றார். அவருக்கு அவ்வோவியம் முழுநிறைவு தந்ததென்று கூறினால் அது பொய்யாகும். அதன் முன் நிற்கும்போது அவர் பார்வை இன்றும் அம்மையாரின் கழுத்தில் சென்று நிற்கின்றது, பின் விலகுகின்றது. சில வருத்தங்கள் தீர்வதற்குரியன அல்ல, சுமப்பதற்குரியன. ஆனால் அவர் இப்போது அதனைத் தனியே சுமக்கவில்லை. பேரப்பிள்ளைகள் வந்தால், "பாட்டி ஏன் நகை போடவில்லை?" என்று கேட்கின்றனர். விடை கூறுபவர் அவரே. கதையைச் சூளையிலிருந்து தொடங்கி, தாம் கதவைத் திறந்த இடத்தில் சற்று நிறுத்தி, பின் முடிக்கின்றார்.

அன்பர்களே! நம் இல்லங்களிலும் பெற்றோரின் உருவங்கள் சுவரில் இருக்கும், இனியும் எழுதுவிப்போம். வண்ணத்திலும் தூரிகையிலும் உயிர்க்கொலை இல்லை என்று விசாரிப்பது நன்று. அதனை விட வேண்டியதில்லை. அத்துடன், உருவத்தில் இருப்பவர் தம் வாழ்வில் எதைக் கொடுத்தார் என்றும் அவர் உயிருடன் இருக்கும்போதே கேட்டறிவோம். கேட்டறிந்த பின், அவர் கொடுத்ததை மறைக்கும் எதனையும் அவர்மேல் பூசாதிருப்போம். பிறர் பூச முற்படும்போது தலையசைக்காதிருப்பதும் வாய்மை நோன்பின் ஒரு பகுதியே. எழுபது வயதைக் கடந்த பின் இதனை நமக்குக் கற்பித்தவர், பள்ளியில் ஐந்து வகுப்பே பயின்ற அவ்வம்மையார்.